வித்தியாதானஞ் செய்த தம்பதியர்
கர்மவீரர் பாவுராவ் பாட்டீலும் இலட்சுமிபாய் அம்மையாரும்

தானங்களுள்ளே அன்னதானத்தையும் வித்தியாதானத்தையும் எம் முன்னோர் பெரிதும் போற்றினர். அன்னதானம் ஒருவேளைப் பசியைத் தீர்க்கும். வித்தியாதானமோ ஒரு குடும்பத்தின் பசியைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்க்கும். இவ்விரு தானங்களும் ஒரே அடுப்பிலே சமைக்கப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. இந்தியாவின் மராட்டிய மாநிலத்திலே, சாதாரா என்னும் ஊரிலே, கமக்காரப் பிள்ளைகளுக்காகத் தம் வாழ்வையும் வீட்டையும் பொன்னையும் கொடுத்த ஒரு கணவன் மனைவியின் வரலாறே அது.

கர்மவீரர் என்றதும் எம்மவர்க்குத் தமிழகத்தின் காமராசர் நினைவுக்கு வருவார். மராட்டிய மக்களுக்கோ அப்பெயர் பாவுராவ் பாட்டீலையே நினைவூட்டும். அப்பட்டத்தை அவருக்குச் சூட்டியவர்கள் கிராமத்து மக்களே. கிராமத்துப் பிள்ளை படிக்க வேண்டும், அதற்குப் பணமின்மை தடையாகக் கூடாது என்பதே அவர் ஏற்றுக்கொண்ட விரதம். அவ்விரதத்தைக் காக்க அவருடைய மனைவியார் கொடுத்த விலை மிகப் பெரியது. அவ்விருவரையும் ஒருங்கே நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

பாவுராவ் 1887ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆந் திகதி கோலாப்பூரைச் சேர்ந்த கும்போஜ் என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் பாயகோண்டா பாட்டீல், தாயார் கங்காபாய். உழவுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமணக் குடும்பம் அவர்களுடையது. அவர்களது பூர்வீக ஊர் ஐதவடே புத்ருக் என்பதாகும். பாட்டீல் என்பது ஊர்த் தலைமையைக் குறிக்கும் பெயர். தந்தையார் வருமானவரித் திணைக்களம் போன்றதொரு நிலவரிப் பகுதியிலே கடமையாற்றியமையால் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. இதனாற் சிறுவன் பாவுராவ் பல கிராமங்களின் வாழ்க்கையை நேரிற் கண்டு வளர்ந்தான்.

அக்காலத்திலே தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோர் ஊர்க் கிணற்றிலே தண்ணீர் அள்ள முடியாது. யாரேனும் இரங்கி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டதைக் கண்ட பாவுராவ், கோபங்கொண்டு அக்கிணற்றின் கப்பியையே உடைத்தெறிந்தான் என்று அவரது வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். கப்பியை உடைத்த கை பிற்காலத்திலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து உணவு பரிமாறியது.

கோலாப்பூர் வாசம்

உயர்கல்விக்காகப் பாவுராவ் கோலாப்பூர் சென்றார். அங்கே இராஜாராம் உயர்தர பாடசாலையிற் சேர்ந்து, ஜைன மாணாக்கர் விடுதியிலே தங்கினார். அந்நாளிற் கோலாப்பூரை ஆண்டவர் சத்திரபதி சாகு மகாராஜா. பிற்படுத்தப்பட்ட மக்களுக்கு அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு ஐம்பது இடங்களை 1902இல் ஒதுக்கியவர் அவர். கிராமத்துப் பிள்ளைகள் பட்டணத்திலே தங்கிப் படிக்க வழியில்லாதிருந்ததைக் கண்டு, ஒவ்வொரு சமூகத்திற்கும் ஒவ்வொரு விடுதியாக 1901 முதல் அவர் நிறுவி வந்தார். 1917இலே தம் இராச்சியத்தில் ஆரம்பக் கல்வியை இலவசமாகவுங் கட்டாயமாகவும் ஆக்கினார்.

தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென 1908இல் விடுதியொன்று அமைக்கப்பட்டது. அதன் விழாவுக்குப் பாவுராவும் சென்றார். திரும்பி வந்தபோது, தீட்டுக் கழியக் குளித்துவிட்டே சாப்பாட்டுக்கு வரவேண்டுமென ஜைன விடுதியிற் கட்டளையிட்டனர். அவர் மறுத்தார். அதனால் விடுதியை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் சாகு மகாராஜாவின் அரண்மனை ஆதரவிலே அவர் சிலகாலம் வாழ்ந்தார்.

அங்கே அவர் கற்ற பாடம் பெரிது. ஆயினும் பாடசாலைக் கல்வியில் அவர் வெற்றிபெறவில்லை. மெற்றிக்குலேசன் தேறாமலே படிப்பு நின்றது. பிற்காலத்திலே நூற்றுக்கணக்கான பாடசாலைகளையும் கல்லூரிகளையும் நிறுவியவர் பரீட்சையிலே தவறியவர் என்பதை எம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

கலப்பை விற்றவர் கண்ட காட்சி

படிப்பை விட்ட பாவுராவ் சாதாராவிலே பிள்ளைகளுக்குத் தனிப்பாடஞ் சொல்லிக் கொடுத்தார். இதனாற் பாட்டீல் மாஸ்டர் எனப் பெயர் பெற்றார். இலட்சுமிபாயை மணஞ்செய்து குடும்பஸ்தரானார். பின்னர் ஓகலே கண்ணாடித் தொழிற்சாலை, கிர்லோஸ்கர் நிறுவனம் ஆகியவற்றின் விற்பனையாளராக ஊர் ஊராகச் சென்றார். கிர்லோஸ்கர் நிறுவனம் செய்தது இரும்புக் கலப்பை. அதனைக் கமக்காரரிடம் விற்க வேண்டுமாயின் அவர்களது வயலுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் போக வேண்டும்.

அங்கே அவர் கண்ட காட்சி அவரை வருத்தியது. உழுது விளைவித்தவனே கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென அறியாமற் கைநாட்டு வைத்தான். நிலவரியாக அவன் கட்டிய பணத்திலே பட்டணத்துப் பாடசாலைகள் நடந்தன. அவனது பிள்ளையோ மாட்டின் பின்னே நடந்தான். இந்த அநீதியை மகாத்மா ஜோதிராவ் புலே 1882ஆம் ஆண்டிலேயே ஹண்டர் கல்விக் குழுவின் முன் எடுத்துரைத்திருந்தார். புலே 1873இல் நிறுவிய சத்திய சோதக சமாஜத்தின் கொள்கைகளிலே பாவுராவும் ஈடுபாடு கொண்டார். புலே சுட்டிய நோய்க்கு மருந்து தேடுவது தமது கடமையெனக் கருதினார்.

இடையிலே ஒரு பெருஞ் சோதனையும் வந்தது. 1914இற் கோலாப்பூரிலே அரச சிலையொன்றுக்குத் தார் பூசப்பட்டது. அவ்வழக்கிலே ஜைனப் பெருமகனார் ஏ.பி. லட்டே அவர்களுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லுமாறு பாவுராவை நெருக்கினர். அவர் இணங்கவில்லை. அதனாற் சிறையிலே துன்பப்பட்டார். இளம் மனைவியாகிய இலட்சுமிபாய்க்கு அக்காலம் கண்ணீரிற் கழிந்தது. சத்தியத்தின் பொருட்டுக் கணவர் படுந் துன்பத்தில் மனைவிக்கும் பங்குண்டு என்பதை அவர் அப்போதே அறிந்துகொண்டார்.

ரயத் சிக்ஷண் சன்ஸ்தா

1919ஆம் ஆண்டு விஜயதசமி நாள். எம் பிள்ளைகளுக்கு நாம் ஏடு தொடக்கும் அதே திருநாள். அன்று கராட் நகரையடுத்த காலே என்னுங் கிராமத்திலே பாவுராவ் ஒரு கல்விச் சங்கத்தைத் தொடக்கினார். அதற்கு ரயத் சிக்ஷண் சன்ஸ்தா எனப் பெயரிட்டார். ரயத் என்றாற் குடியானவர், நிலத்தை உழுது வாழ்பவர். சிக்ஷண் என்றாற் கல்வி. குடியானவர் கல்விச் சங்கம் என நாம் தமிழிற் சொல்லலாம். எவருக்காக அச்சங்கம் பிறந்ததென்பதை அதன் பெயரே கூறும்.

1924இலே சங்கத்தின் தலைமையிடம் சாதாராவுக்கு மாற்றப்பட்டது. அங்கே பாவுராவ் ஒரு விடுதியைத் தொடக்கினார். இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாகு மகாராஜா ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு விடுதி கட்டினார். அக்காலத்திலே அதுவே பெரும் புரட்சி. அவரைக் குருவாகக் கொண்ட பாவுராவ் அதற்கு அடுத்த படியில் ஏறினார். மராட்டியர், மகார், மாங்கு, ஜைனர், முஸ்லிம் எனப் பல சமூகப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே பந்தியில் இருந்து, ஒரே உணவை உண்ண வேண்டும் என்றார். படிப்பு மட்டும் ஒருவனை உயர்த்தாது, பக்கத்திலே இருப்பவனைத் தன்னோடொத்தவனாகக் காணும் பழக்கமும் வேண்டும் என்பது அவரது கருத்து.

எம் நாட்டிலும், வடபகுதியிலே, சம ஆசனம், சமபோசனம் என்ற சொற்கள் 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்திற் பாடசாலைகளில் எழுப்பிய சர்ச்சைகளை எம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்திலே சாதாராவில் ஓர் எளிய வீட்டிலே அச்சொற்கள் சந்தடியின்றி நடைமுறையாகி இருந்தன.

1927ஆம் ஆண்டிலே மகாத்மா காந்தியடிகள் அங்கு வருகை தந்தார். விடுதிக்குச் சத்திரபதி சாகு விடுதி என்னும் பெயரைச் சூட்டி ஆசீர்வதித்தார். காந்தியடிகள் தம் ஆச்சிரமத்திற் காண விழைந்த சமத்துவத்தைச் சிறு பிள்ளைகள் வாழ்ந்து காட்டிய இடமாக அது விளங்கியது.

இலட்சுமிபாய் அம்மையாரின் அடுப்படி

கொள்கை வகுத்தவர் பாவுராவ். அதை அடுப்படியிலே நிறைவேற்றியவர் இலட்சுமிபாய் அம்மையார். அவர் வசதியான, ஆசாரமான ஜைனக் குடும்பத்திற் பிறந்தவர். சிறுவயது முதற் பழகிய ஆசாரத்தை ஒரு நாளிற் கைவிடுவது எவருக்கும் எளிதன்று. கணவர் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளிலே, தாம் பிறந்த வீட்டின் வாசற்படியை மிதிக்கவும் அனுமதிக்கப்படாதவர்கள் இருந்தனர். அப்பிள்ளைகளுக்குத் தலை வாரி, எண்ணெய் வைத்து, காய்ச்சல் கண்டாற் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கியபோது ஆசாரம் தானாகவே கழன்று விழுந்தது. தாய்மை எஞ்சியது. தம் சொந்தப் பிள்ளைகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் அவர் வேற்றுமை பாராட்டவில்லை.

விடுதிச் சாப்பாடு மிக எளியது. சோளமாவிற் சுட்ட றொட்டியும் பருப்புக் கறியுமே பெரும்பாலான நாள்களில். ஆனாற் பிள்ளைகளின் எண்ணிக்கை வளர வளர அதுவும் பாரமாகியது. பணம் தர வல்லவர் சிலரே. சிலர் வீட்டிலிருந்து தானியம் கொண்டுவந்தனர். ஒன்றுமில்லாதவர் வெறுங்கையோடு வந்தனர். வெறுங்கையோடு வந்தவனைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது அவ்வீட்டின் நியதி.

இதற்கென அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று முஷ்டி நிதி. முஷ்டி என்றால் ஒரு பிடி. கிராமத்துப் பெண்கள் நாள்தோறும் தானியம் எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள். அதனைச் சேர்த்து விடுதிக்குக் கொடுப்பார்கள். இதனைப் படிக்கும் எம்மவர்க்குப் பிடியரிசி நினைவுக்கு வருமல்லவா? வண்ணார்பண்ணையில் 1848இலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் காலத்திலும் வீடுகள்தோறும் எடுத்து வைத்த பிடியரிசி சைவப் பிள்ளைகளின் கல்விக்கு உதவியது. கடல் கடந்த இரு நாடுகளிலே, ஒருவரையொருவர் அறியாத தாய்மார், ஒரே கருத்தோடு ஒரு பிடியை ஒதுக்கி வைத்தனர். ஏழை வீட்டிலிருந்தும் தருமம் பிறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தாலியும் தருமமும்

பிடித் தானியமும் போதாத நாள்கள் வந்தன. இலட்சுமிபாய் அம்மையார் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பொன் நகைகள் பல. அவை ஒவ்வொன்றாகக் கழுத்தையும் கையையும் விட்டு இறங்கின. காப்பு அரிசியாயிற்று. சங்கிலி சோளமாயிற்று. காதணி புத்தகமாயிற்று. கணவர் கேட்டுக் கொடுத்தவை சில, கேளாமலே தாமாகக் கழற்றிக் கொடுத்தவை பல.

ஒருமுறை பாவுராவ் நிதி சேர்க்க வெளியூர் சென்றிருந்தார். விடுதியிலே தானியம் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் பசியோடு இருந்தனர். கடன் கொடுக்கவும் ஆளில்லை. அம்மையாரிடம் எஞ்சியிருந்தது மங்கல சூத்திரம் ஒன்றே. நாம் தாலி என்று சொல்வதை மராட்டியர் அவ்வாறு அழைப்பர். சுமங்கலியாகிய பெண்ணொருத்தி அதனைக் கழற்றுவதென்றால் அதன் கனதியை எம் தாய்மாருக்கு விளக்கத் தேவையில்லை. அம்மையார் அதனையும் கழற்றிக் கொடுத்தார். அன்று பிள்ளைகள் உண்டார்கள்.

திரும்பி வந்த கணவர் மனைவியின் வெறுங்கழுத்தைக் கண்டு என்ன நினைத்திருப்பார்? ஆலயத்திலே பொன்னைக் காணிக்கையாக இடுகின்றோம். தாலியையே ஏழைப் பிள்ளையின் வயிற்றுக்குக் காணிக்கையாக்கிய இந்த அம்மையாரின் பக்தியை எந்தத் தராசில் நிறுப்பது?

இலட்சுமிபாய் அம்மையார் 1930இலே காலமானார். அப்போது பாவுராவின் முயற்சி சிறு செடியாகவே இருந்தது. பின்னாளில் எழுந்த பெரிய பாடசாலைகளையோ கல்லூரிகளையோ அவர் காணவில்லை. தாம் ஊற்றிய நீர் எத்தனை பெரிய மரமாகும் என்பதை அறியாமலே போய்ச் சேர்ந்தார். பலனைக் காணாது செய்த தருமம் என்பதாலேயே அது மேலும் உயர்ந்து நிற்கின்றது.

உழைத்துக் கற்றல்

மனைவியை இழந்த பின்னர் பாவுராவ் முழுமையாகவே தம்மைக் கல்விப் பணிக்கு ஒப்புக்கொடுத்தார். நீண்ட வெண்டாடியும் கதர் உடையும் கைத்தடியுமாக அவர் கிராமங்கள்தோறும் அலைந்தார். மக்கள் அவரை அண்ணா என்று அழைத்தனர்.

ஏழைப் பிள்ளைக்கு உதவும்போது அவன் தன்னைப் பிச்சை வாங்குபவனாக எண்ணிவிடக் கூடாது என்பதிலே பாவுராவ் மிக விழிப்பாக இருந்தார். இதற்காகவே உழைத்துக் கற்கும் முறையை அவர் வகுத்தார. பிள்ளைகள் தாமே சமைத்தனர், துணி தோய்த்தனர், தோட்டங் கொத்தினர். சாதாராவை அடுத்த கல்லும் முரடுமான நிலத்தைத் திருத்திப் பயிரிட்டனர். கட்டடங்களுக்குக் கல் சுமந்தனர். செய்த வேலைக்கு ஈடாகச் சாப்பாடும் படிப்பும் பெற்றனர். தன் கையால் உழைத்துத் தானே கற்றல் என்பது சங்கத்தின் தாரக மந்திரமாயிற்று. வீட்டிலே வசதியுள்ள பிள்ளைக்கும் மண்வெட்டி பிடிப்பதிலிருந்து விலக்கு இல்லை. கமக்காரன் மகன் படித்த பின்பு மண்ணைக் கண்டு முகஞ்சுளிக்கக் கூடாதென்பதும் இதனுள்ளே பொதிந்திருந்த பாடமாகும்.

1932இலே பூனா ஒப்பந்தம் ஏற்பட்டதன் பின், பல சமூக மாணாக்கரும் ஒன்றாக வாழும் ஐக்கிய விடுதியொன்றைப் பூனாவிலும் நிறுவினார். 1935இற் சங்கம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டிலே கிராம ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கான கலாசாலையொன்று சாதாராவில் எழுந்தது. பாடசாலை வேண்டுமாயின் முதலில் ஆசிரியர் வேண்டும், அவ்வாசிரியரும் கிராமத்திற் சென்று வாழ மனமுள்ளவராக இருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஊர்தோறும் பாடசாலை

பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மலையடிவாரக் கிராமங்களுக்கும் ஒதுக்குப்புற ஊர்களுக்கும் சென்றனர். அங்கே ஊர்மக்கள் இடங் கொடுத்தார்கள். சிலவிடங்களிற் கோயில் மண்டபமே வகுப்பறையாயிற்று. தொண்டர் பாடசாலைகள் எனப்பட்ட இத்தகைய ஆரம்பப் பாடசாலைகள் 578 தொடக்கப்பட்டன. 1940இலே சாதாராவில் மகாராஜா சயாஜிராவ் உயர்தர பாடசாலை உருவானது. பிள்ளைகள் இலவசமாகத் தங்கிக் கற்ற பாடசாலை அது. கல்விக்குக் கைகொடுத்த பரோடா மன்னரின் பெயரை அது தாங்கியது.

1947இலே, இந்தியா சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், சாதாராவிலே சத்திரபதி சிவாஜி கல்லூரி திறக்கப்பட்டது. கிராமத்து ஏழை மாணாக்கன் உழைத்துக்கொண்டே பட்டப்படிப்பும் படிக்கலாம் என்ற நிலை இதனால் உண்டாயிற்று. இக்கல்லூரி பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. செல்வர் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்து, கல்லூரியின் பெயரை மாற்றித் தாம் விரும்பும் பெயரை வைக்க வேண்டுமெனக் கேட்டாராம். சங்கமோ அப்போது பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஆயினும் பாவுராவ் அத்தொகையை ஏற்கவில்லை. கொடை பெயரைத் தேடி வரும்போது அது வியாபாரமாகிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அம்மையாரின் பெயரால் எழுந்த உதவி நிதி

பாடசாலை முடித்த மாணாக்கனுக்கு மேற்படிப்பு என்பது அடுத்த மதில். கல்லூரிக் கட்டணம், பட்டண வாடகை, புத்தகம், உடுபுடவை எல்லாம் பணமே. இதற்காக இலட்சுமிபாய் அம்மையாரின் பெயரால் ஒரு கூட்டுறவுக் கடனுதவிச் சங்கம் நிறுவப்பட்டது. வறிய மாணாக்கர் உயர்கல்விக்கு அதனிடம் கடன் பெற்றனர். படித்து உத்தியோகம் பெற்றதும் அதனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது போன்ற ஏற்பாடு இது. இறந்த மனைவிக்குச் சிலை எழுப்புவார் உண்டு, மடம் கட்டுவார் உண்டு. பாவுராவும் அவரோடு நின்றவர்களும் அம்மையாருக்கு எழுப்பிய நினைவாலயம், ஏழை மாணாக்கன் கையிலே சேரும் படிப்புப் பணமாக அமைந்தது.

சங்கத்தின் ஆதரவில் வளர்ந்த பிள்ளைகளிற் பலர் ஆசிரியராகினர், அதிபராகினர், உயர் உத்தியோகத்தராகினர். அவர்களுள் ஒருவரான பி.ஜி. பாட்டீல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகித் திரும்பினார். பின்னர் கோலாப்பூரிலுள்ள சிவாஜி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். சோள றொட்டி உண்டு வளர்ந்த கிராமத்துப் பிள்ளை துணைவேந்தர் ஆசனத்தில் அமர்ந்தமை, அம்மையாரின் தாலிப் பொன் வீண்போகவில்லை என்பதற்குச் சாட்சியாகும்.

சோதனையும் மக்கள் துணையும்

நற்பணி என்றாலும் இடையூறு இல்லாமற் போகாது. காந்தியடிகள் 1948 ஜனவரியில் மறைந்தபின், அவர் நினைவாக நூற்றொரு உயர்தர பாடசாலைகளைக் கிராமங்களில் நிறுவுவதெனப் பாவுராவ் சங்கற்பஞ் செய்தார். அக்காலத்திலே அரசியற் காரணங்களாற் பம்பாய் அரசாங்கம் சங்கத்திற்கு வழங்கிவந்த உதவிப்பணத்தை நிறுத்தியது. அத்தனை பாடசாலைகளும் தள்ளாடின. ஆனால் ஒன்றும் மூடப்படலாகாது என ஊர்மக்கள் உறுதிகொண்டனர். தானியமும் பணமும் சேர்த்துக் கொடுத்தனர். ஆசிரியர்கள் சம்பளத்தைப் பாராது கற்பித்தனர். பின்னர் உதவிப்பணம் மீண்டும் கிடைத்தது. சங்கற்பமும் நிறைவேறியது. யாருக்காக ஒருவர் வாழ்நாளைக் கொடுத்தாரோ அவர்கள் இடுக்கண் வந்தபோது அவரைத் தாங்கி நின்றனர்.

இறுதிக் காலம்

அவர் வாழ்நாளிலே எல்லாமாக 38 விடுதிகளும், 578 தொண்டர் பாடசாலைகளும், 6 ஆசிரிய பயிற்சிக் கலாசாலைகளும், நூறுக்கு மேற்பட்ட உயர்தர பாடசாலைகளும், 3 கல்லூரிகளும் தோன்றின. இந்திய அரசு 1959இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்திலே பூனாப் பல்கலைக்கழகம் டி.லிற். என்னும் கௌரவ இலக்கிய கலாநிதிப் பட்டம் அளித்தது. மெற்றிக்குலேசன் தேறாதவரைப் பல்கலைக்கழகமே தேடிவந்து கௌரவித்தது. அடுத்த மாதம், 1959 மே 9ஆந் திகதி, தமது எழுபத்தோராவது வயதிலே அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். சாதாராவிலே அவரது சமாதி அமைந்துள்ளது. 1988இலே இந்திய அரசு அவர் உருவந் தாங்கிய முத்திரையை வெளியிட்டது.

ஆலமரத்தையே சங்கத்தின் சின்னமாக அவர் தெரிந்தெடுத்திருந்தார். ஆலமரம் விழுதுவிட்டுப் பரவும், தாய்மரம் சாய்ந்தாலும் விழுதுகள் தாங்கும். அச்சின்னம் பொய்க்கவில்லை. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சங்கம் எழுநூறுக்கு மேற்பட்ட கல்வி நிலையங்களை நடத்தி வருகின்றது.

எமக்கு உணர்த்துவது

எம் நாட்டிலே 1945 முதல் இலவசக் கல்வி கிடைத்தது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலும், 1981 முதல் மகாபொல உதவியும் பல ஏழைப் பிள்ளைகளைக் கரைசேர்த்தன. ஆயினும் இலவசக் கல்வி இருந்தும் பாடசாலைக்குப் போகச் சப்பாத்தில்லாத பிள்ளை, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியும் முதல் மாதச் செலவுக்கு வழியில்லாத பிள்ளை எம் ஊர்களிலே இல்லையென்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல முடியுமா?

எம் ஆலயங்களிலே மகோற்சவ காலத்தில் அன்னதானம் சிறப்பாக நடைபெறுகின்றது. தண்ணீர்ப்பந்தல் போடுகின்றோம். திருப்பணிக்கு வாரி வழங்குகின்றோம். இவை யாவும் நற்கருமங்களே. அவற்றோடு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியரிசியை, அல்லது அதன் பெறுமதியை, ஊரிலே படிக்கும் ஏழைப் பிள்ளையொன்றுக்காக ஒதுக்கி வைக்க எம்மால் முடியாதா? அப்படி உதவி பெறும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று கேளாமற் கொடுக்கும் மனமும் வேண்டும். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதாமல் விட்டாலும் இறைவன் அதனைக் குறித்துக்கொள்வான்.

சாதாராவிலே ஓர் அம்மையார் கழற்றிக் கொடுத்தது சில பவுண் பொன். அது ஒரு நாட் சமையலோடு தீர்ந்திருக்கும். ஆனால் அன்று பசியாறிப் படித்தவர்கள் ஆசிரியராகி இன்னும் பலரைப் படிப்பித்தார்கள். அந்தப் பொன் இன்னமும் செலவாகி முடியவில்லை.

வித்தியாதானத்தின் பெருமையை உணர்ந்து நாமும் இயன்றது செய்வோமாக. எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் எம் பிள்ளைகள் அனைவருக்கும் கிட்டுவதாக.

மேன்மைகொள் நற்பணி எங்கும் ஓங்குக.

சுபம்